மெயினை அணைக்காத சாயங்காலம்

வெள்ளைத்துரை: இந்தா... நகருதும்மா! மவுசு தானா நகருது! நான் கைய எடுத்து மடியில வச்சுட்டேன்.

நசிமா: நான்தான் அண்ணாச்சி நகத்துறேன். பயப்படாதீக.

வெள்ளைத்துரை: நீங்க விருதுநகர்ல இருக்கீக. மவுசு சிவகாசியில இருக்கு.

நசிமா: நெட் வழியா உங்க கம்ப்யூட்டருக்குள்ள வந்திருக்கேன். இதுக்குத்தான உங்க டிரஸ்ட்ல இருந்து எங்க கம்பெனிக்கு காண்ட்ராக்ட் குடுத்திருக்கீக.

வெள்ளைத்துரை: அது சரி... பட்டாசு பண்ணுற ஆபீஸுல போர்மேனா இருந்தவன் நான். தானா ஒண்ணு அசைஞ்சா திரும்பிப் பாக்காம ஓடிப் பழகுன காலு இது.

மாடத்தி: என்ன அண்ணாச்சி சொல்லுது அந்தப் பிள்ளை? எம் மக படம் இருக்காமா?

வெள்ளைத்துரை: பொறு மாடத்தி, இப்பத்தான் உள்ள நுழைஞ்சிருக்காக.

நசிமா: பக்கத்துல யாரு அண்ணாச்சி?

வெள்ளைத்துரை: மாடத்தி. சண்முகத்தாயோட ஆத்தா. காலையில வந்து உக்காந்தது, டீயக்கூடத் தொடல. செல்லு ஸ்பீக்கர்லதான் கெடக்கு, நீங்க பேசுறது அதுக்கும் கேக்கும்.

நசிமா: அக்கா, கவலப்படாதீக. பாப்பாவுக்கு எந்தக் கை?

மாடத்தி: சோத்துக் கைதாம்மா. வெடியில வெந்து, அஞ்சு விரலும் ஒண்ணா ஒட்டிக் கெடக்கு. பள்ளிக்கூடத்துல பென்சிலு பிடிக்க முடியல. இடது கையால கிறுக்குது, மத்த பிள்ளைக சிரிக்குதுக.

வெள்ளைத்துரை: அம்மா, லைன்ல இருக்கீகளா?

நசிமா: இருக்கேன், இருக்கேன். சொல்லுங்க, ஆபரேசன் கேம்ப்புக்கு என்னதான் கேக்காக?

வெள்ளைத்துரை: சென்னை டாக்டருக மதுரைக்கு வந்து காசு வாங்காமச் சும்மாவே ஆபரேசன் பண்ணுறாக. கை எப்படி இருந்துச்சு, எப்படிச் சுருண்டுச்சுன்னு ஆரம்பத்துல இருந்து எடுத்த படமும் ரிப்போர்ட்டும் இன்னைக்கி சாயங்காலத்துக்குள்ள மெயில்ல வரணும். இல்லன்னா அடுத்த வருசம்தான்.

மாடத்தி: அடுத்த வருசம்னா எலும்பு இறுகிப் போயிரும்னாக அண்ணாச்சி...

வெள்ளைத்துரை: அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன், நீ அழாத. நேத்து வரைக்கும் நல்லா இருந்த கம்ப்யூட்டரு சனியன், இன்னைக்கின்னு பாத்து கரகரன்னு மிக்சியில கல்லு அரைக்கிற மாதிரி கத்துது.

நசிமா: உள்ள இருக்க டிஸ்க் சாகப் போகுது அண்ணாச்சி. எந்த நேரமும் நின்னுரும். கேமராவுல படம் இருக்கா?

வெள்ளைத்துரை: கம்ப்யூட்டர்ல ஏத்துனதும் அழிச்சிட்டோமே.

நசிமா: சரி, அப்ப டிஸ்க் சாகுறதுக்குள்ள எங்க ஆபீஸுக்கு இழுத்துருவோம். சண்முகத்தாய்னு ஒரு போல்டரு... இந்தா இருக்கு. இழுக்கேன்.

வெள்ளைத்துரை: எம்மா... ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீகளே?

நசிமா: கேளுங்க.

வெள்ளைத்துரை: தினமும் ராத்திரி கம்ப்யூட்டர்ல இருக்க எல்லாத்துக்கும் ஒரு காப்பி தானா உங்க ஆபீஸுக்கு வந்துரும், இங்க மெசினு எரிஞ்சே போனாலும் அங்க பத்திரமா இருக்கும்னீக. வந்திருந்தா இன்னைக்கி இந்தப் பாடு இல்லையே?

நசிமா: அதான் அண்ணாச்சி எனக்கும் வெக்கமா இருக்கு. ஒரு ராத்திரிகூட வரல. லைனை மாத்திப் பாத்தேன், நேரத்தை மாத்திப் பாத்தேன். உங்க ஊரு கரண்டைத் திட்டிக்கிட்டே இருந்தேன். நீங்க போறப்ப கம்ப்யூட்டரை அணைக்கீகளா?

வெள்ளைத்துரை: அதான் அன்னைக்கே சொன்னனே. நீங்க அணைக்கக் கூடாதுன்னீக, நான் அதைத் தொட்டதே இல்ல.

நசிமா: அப்புறம் ஏன்தான் வரலையோ...

வெள்ளைத்துரை: டிரஸ்ட் கமிட்டியில என்னைய வறுத்து எடுத்துட்டாக. கம்ப்யூட்டரு பாக்க வெளிக் கம்பெனி எதுக்கு, தெரிஞ்ச பையன் எவனையாச்சும் கூப்பிட்டாப் போதாதான்னு. தெரிஞ்ச பையன் லீவுக்கு ஊருக்கு வந்தாத்தான் நம்ம மெசினுக்குச் சீக்கு தீரும், ஆபீஸுக்குன்னு ஒரு ஆளை வேலைக்கி வைக்க நம்மகிட்ட வசதி இல்ல, கூப்பிட்ட நேரத்துக்கு ஆளு வேணும்னா இதுதான் வழின்னு நான்தான் ஒத்தக்கால்ல நின்னேன்.

நசிமா: நீங்களா? நீங்கதான் வேண்டாம்னு சொல்லியிருப்பீகன்னு நெனச்சேன். ஏன் அண்ணாச்சி நின்னீக?

வெள்ளைத்துரை: அதெல்லாம் இருக்கட்டும்... என்னமோ படபடன்னு கேக்குதே, என்னது?

நசிமா: நான் டைப் அடிக்கேன். கேம்ப்புக்கு மெயிலு எழுதிக்கிட்டு இருக்கேன்.

வெள்ளைத்துரை: ம்... நல்லாக் கேக்குது. அடிங்க, அடிங்க.

நசிமா: என்ன அண்ணாச்சி, டைப் அடிக்கதுல என்ன இருக்கு?

வெள்ளைத்துரை: ஒண்ணுமில்ல. ஆமா, காண்ட்ராக்ட் போட்டு இத்தனை மாசமாச்சு, ஒரு நாளாச்சும் இங்கன வந்தீகளா? மெசினை மாட்ட ஆள அனுப்புனீக, வயரு போட ஆள அனுப்புனீக. ஒரு மணி நேரத்துல பஸ்ஸுல வந்துரலாம்.

நசிமா: போன்லயே முடியிற வேலைக்கு எதுக்கு அண்ணாச்சி... வேலை ஜாஸ்தி.

வெள்ளைத்துரை: சரி சரி, உங்க இஷ்டம்.

மாடத்தி: அண்ணாச்சி, அந்தப் பச்சைக் கோடு நகருது! பாதி வந்திருச்சு!

நசிமா: ஆமாக்கா, அது கடைசி வரைக்கும் போயிட்டா எல்லாப் படமும் எங்கிட்ட வந்துருச்சுன்னு அர்த்தம்.

வெள்ளைத்துரை: கேட்டுச்சா? இடி! மேக்க கருத்துக்கிட்டு வருது. அம்மா, ஒரு நிமிசம், மெயின் சுவிட்சை அணைச்சிட்டு வந்துருதேன்.

நசிமா: அண்ணாச்சி! அய்யய்யோ, வேண்டாம்! நில்லுங்க! உங்க யூ.பி.எஸ். பேட்டரி செத்துக் கெடக்கு. கரண்டு நின்னா எல்லாம் நின்னுரும். டிஸ்க் மறுபடி எந்திரிக்காது!

வெள்ளைத்துரை: இடி இடிக்கும்மா. முத இடிக்கே மெயினை இறக்கிட்டு ஆள வெளியேத்தணும். பட்டாசு ஆபீஸுல அதுதான் முத பாடம்.

நசிமா: அது பட்டாசு ஆபீஸு. இது டிரஸ்ட் ஆபீஸு. அங்கன என்ன வெடிமருந்தா இருக்கு?

வெள்ளைத்துரை: மருந்து இல்ல... பழக்கம்னு ஒண்ணு இருக்கே. சாயங்காலம் வீட்டுக்குப் போறப்பக்கூட மெயினை இறக்காமப் போனா எனக்குச் சோறு இறங்காது.

நசிமா: என்ன சொன்னீக?

வெள்ளைத்துரை: சோறு இறங்காதுன்னேன்.

நசிமா: அதுக்கு முன்னாடி. தினமும் மெயினை இறக்கிட்டா போறீக?

வெள்ளைத்துரை: இந்த ஊருல எவன் இறக்காமப் போவான்? பூட்டுறதுக்கு முந்தி மெயினு. காலையில வந்ததும் ஏத்திவிடுவேன், கம்ப்யூட்டரு தானா முழிச்சுக்கிடும்... ஏம்மா சிரிக்கீக?

நசிமா: அண்ணாச்சி... அண்ணாச்சி... நான் ராத்திரி வந்து காப்பி எடுக்கப் பாத்தா, நீங்க கட்டடத்துக்கே கரண்டை அணைச்சிட்டுப் போயிருக்கீக!

வெள்ளைத்துரை: ஆத்தாடி... கம்ப்யூட்டரைத் தொடாதீகன்னுதான சொன்னீக? மெயினைத் தொடாதீகன்னு சொல்லலையே!

நசிமா: எங்க ஊருல யாரும் மெயினை இறக்கிட்டுப் போக மாட்டாக. எனக்குத் தோணவே இல்ல. தப்பு என்மேலதான்.

மாடத்தி: அண்ணாச்சி, திரும்பவும் இடிக்கி... மெயினுகிட்டப் போகாதீக. உங்களக் கும்பிட்டுக் கேக்கேன்.

வெள்ளைத்துரை: போகலத்தா. ஆனா இடிக்கையில மெயினு இறக்காமக் கெடந்து நான் பாத்ததே இல்ல.

நசிமா: கம்ப்யூட்டரு போனா வேற வாங்கிக்கலாம் அண்ணாச்சி. நாக்காலியில உக்காருங்க. என்கிட்டப் பேசிக்கிட்டே இருங்க.

வெள்ளைத்துரை: என்னத்தப் பேச... கோடு எம்புட்டு தூரம் இருக்கு?

மாடத்தி: இந்தம்புட்டுதான்... நகருது... நின்னுருச்சு அண்ணாச்சி! கரகரங்குது!

நசிமா: பொறுங்க, யாரும் எதையும் தொடாதீக... யா அல்லா... போயிரு, போயிரு... நகருது! நகருது! வந்திருச்சு! கடைசிப் படமும் வந்திருச்சு!

வெள்ளைத்துரை: வந்திருச்சா? நெசமாவா?

நசிமா: நெசமாத்தான். மெயிலும் போயிருச்சு. ஒரு நிமிசம்... பதிலே வந்திருச்சு அண்ணாச்சி. சண்முகத்தாயைச் சேத்துக்கிட்டாக. அடுத்த வாரம் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காக.

மாடத்தி: அம்மா... எம் மகளே... நீ யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருப்ப! ஏம்மா, ஆபரேசன் பண்ணுனா விரலு பிரிஞ்சுருமா? எழுத வருமா?

நசிமா: பிரிஞ்சுரும்க்கா. எழுத வரும்.

மாடத்தி: எனக்காகச் சொல்லுறியா? டாக்டரே இம்புட்டு உறுதியாச் சொல்லலையே.

வெள்ளைத்துரை: மாடத்தி, அவுகளத் தொணதொணக்காத.

நசிமா: இருக்கட்டும் அண்ணாச்சி. அக்கா, நாளைக்கி நானே வாரேன். அந்த டிஸ்க்கை மாத்தணும். பாப்பாவையும் வரச் சொல்லுங்க. என் வலது கையும் சின்னதுல அப்படித்தான் ஒட்டிக் கெடந்துச்சு. இதே டிரஸ்ட்தான் ஆபரேசனுக்குக் கூட்டிட்டுப் போச்சு. இம்புட்டு நேரம் டைப் அடிச்சது அந்தக் கைதான்... அண்ணாச்சி, மறைச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க. பாவம் பாத்துக் காண்ட்ராக்ட் குடுத்தாகன்னு ஆயிரக் கூடாதுன்னுதான் வராமலே இருந்தேன். என் பேரு ஒண்ணும் உங்களுக்கு ஞாபகம் இருக்காதுன்னு நெனச்சேன்.

வெள்ளைத்துரை: மிளகா மண்டி அப்துல் ஹலீம் மகளை மறப்பனா தாயி? கட்டுப் பிரிச்ச அன்னைக்கி, "மாமா, விரலை எண்ணுங்க"ன்னு எங்கிட்டதான கைய நீட்டுன. நீயா வாயத் தொறக்கட்டும்னுதான் நானும் இத்தன மாசம் நீங்க நாங்கன்னு பேசிக்கிட்டு, நீ டைப் அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே கெடந்தேன்... நாளைக்கி வா. மெயினை அணைக்காம வச்சிருக்கேன்.