வெட்டப்படாத குரல்

தம் உணவகத்தின் மாடியையே இன்று இசைமன்றமாக்கித் தந்து, இந்த விழாவுக்குத் தலைமையும் ஏற்றிருக்கும் ஈப்போவின் ஈர நெஞ்சர், அண்ணன் முகம்மது கௌஸ் அவர்களே, காம்பாரிலிருந்தும் பாகான் டத்தோவிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, வேலை முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் அனைவருக்கும் என் அன்பு கனிந்த வணக்கம்.

நான் தர்மேந்திரன். கிந்தா மெல்லிசைக் குழுவின் அறிவிப்பாளன். பேசிப் பிழைப்பவன். பேசாத ஒருத்தியைப் பற்றிப் பேசத்தான் இன்று இந்த மேடையில் நிற்கிறேன்.

யார் அவர்? எங்கள் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் கலாதேவி. ஜொகூரிலும் வாசித்தார், பினாங்கிலும் வாசித்தார், சிங்கப்பூரிலும் வாசித்தார். கோயில் திருவிழாவா, கல்யாண மண்டபமா, கல்லூரிக் கலைவிழாவா, எங்கும் அவர் இருந்தார். ஆனால் யார் கண்ணில் பட்டார்? பாடகருக்கு மாலை விழும், பாடகிக்குப் பொன்னாடை விழும். பின்வரிசையில் நின்று பாட்டைத் தாங்கிப் பிடித்தவருக்கு விளக்கு வெளிச்சம்கூட முழுதாக விழுந்ததில்லை.

அவர் முன்னால் வரவும் விரும்பவில்லை. ஏன்? கலாதேவிக்குப் பேச்சு திக்கும். பாடினால் ஆறாக ஓடும் குரல், பேசினால் அணை கட்டியதுபோல் நின்றுவிடும். அதிலும் ‘ம’ வந்தால் மூச்சு முட்டும். அவருடைய அம்மா பெயரோ மாரியம்மா.

அந்த மாரியம்மா இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி வீட்டைக் காலி செய்யச் சொன்ன பிறகு, ஈப்போவில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கப் போனார். மகளுக்காகப் பள்ளியில் பேசினார், கிளினிக்கில் பேசினார், பஸ்ஸில் டிக்கெட் கேட்கவும் அவரே பேசினார். மகள் ஒரு சொல்லைத் தொடங்கும் முன்னே தாய் அதை முடித்துவிடுவார். பாசம்தான், பழுதில்லை. ஆனால் தன் வாயால் ஒரு வாக்கியத்தை முடிக்க வேண்டும் என்று மகளுக்கு ஆசை இருக்காதா?

இருந்தது. பயணத்தில் நாங்களெல்லாம் தூங்கிய வேனில், அவர் மட்டும் விழித்திருந்து மெட்டுக் கட்டினார். புந்தோங்கில் ஒரு சின்ன அறையில் பாடல்களைப் பதிவு செய்தார். அவற்றில் ஒரு பாட்டு பேச்சோடு தொடங்கும். "என் அம்மா பேரு மாரியம்மா. இவ்வளவு நாளா எனக்காக அவங்க பேசினாங்க. இப்ப அவங்களுக்காக நான் பேசுறேன்." இவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்லி முடிக்க அவருக்கு நேரமாகிறது. திக்கியது திக்கியபடியே பதிவில் இருக்கிறது.

பின்னால் ஓர் அண்ணன் பிரியாணி எப்போது என்று கேட்கிறார். தம்மில் இருக்கிறது அண்ணே. அதுவும் பொறுத்தால்தான் பதமாக வரும்.

பாடல் தொகுப்பு வெளியிடும் ஒரு கம்பெனிக்காரர் அந்தப் பாடல்களைக் கேட்டார். நானும் கூட இருந்தேன். "பாட்டெல்லாம் ரொம்ப நல்லாருக்கு மா. அந்தப் பேச்ச மட்டும் வெட்டிடலாம். வேணும்னா வேற ஆள வெச்சுப் பேச வைக்கலாம். இப்படியே விட்டா விக்கிறது சூசா லா, ரொம்பக் கஷ்டம்," என்றார்.

கலாதேவி தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "வெ... வெட்டினா அது நா... நான் இல்ல, அண்ணே."

அத்தோடு கம்பெனி விலகிக்கொண்டது. சரி, வெளியார் சொன்னதைத் தாங்கலாம். வீட்டிலும் அதே சொல் வந்தால்? காரில் உட்கார்ந்து பாட்டைக் கேட்ட மாரியம்மா கண்கலங்கினார். "ஊரு சிரிக்கும் டி. நீ அழுவுறத நான் பாத்தது போதும். எடுத்துடு கண்ணு," என்று கெஞ்சினார்.

கலாதேவி எடுக்கவில்லை. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தானே தொகுத்து, தானே அட்டை வடிவமைத்து, தன் பெயரில் தானே வெளியிடுவது என்று முடிவெடுத்தார். இசைத்தொகுப்புக்கு வைத்த பெயர், ‘நானே பேசுறேன்’. அதைத்தான் இன்று இங்கே வெளியிடுகிறோம்.

அந்தப் பாட்டை முதன்முதலில் பாகான் டத்தோ கோயில் திருவிழாவில் மேடையேற்றினோம். கலாதேவி முன்னால் வந்தார். மைக்கைப் பிடித்தார். "என் அ... அம்மா பேரு ம... ம..." நின்றுவிட்டது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். "சீக்கிரம் சொல்லு லா," என்று ஒரு குரல் வந்தது. மேடையோரம் அமர்ந்திருந்த மாரியம்மா எழுந்துவிட்டார். அவர் உதட்டில் தம் பெயரே துடிக்கிறது. சொல்லிவிட்டால் மகளின் தவிப்பு தீர்ந்தது. மகள் திரும்பிப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தார்.

தாய் என்ன செய்தார் தெரியுமா? சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். வாழ்நாளெல்லாம் மகளுக்காகப் பேசிய வாய், அன்று மகளுக்காக மௌனம் காத்தது.

சிரிப்பு அடங்கியது. சிற்றுண்டிக் கடைகளிலும் சத்தம் ஓய்ந்தது. "ம... ம... மாரியம்மா." சொல்லிவிட்டார். சொன்ன கையோடு கிட்டாரின் கனத்த தந்தியைத் தட்டினார் பாருங்கள், மேடைப்பலகை அதிர்ந்தது, என் மார்புக்கூடு அதிர்ந்தது. பாட்டு முடிந்ததும் அதே கூட்டம் அதே பாட்டை மறுபடி கேட்டது. பேச்சையும் சேர்த்துத்தான் கேட்டது.

திரும்பும் வழியில் மாரியம்மா மகளிடம் சொன்னார். "நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் எனக்கு மூச்சே வரல டி. ஆனா என் பேரு இவ்வளவு அழகா இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

அன்பு நெஞ்சங்களே, அழகுக் குரல் ஆயிரம் உண்டு. அஞ்சாத குரல் எத்தனை உண்டு? பிசிறில்லாத பாட்டைப் பொறிகூடப் பாடிவிடும் காலம் இது. தன் பிசிறைத் தானே சுமந்து, தலைநிமிர்ந்து நிற்கும் குரலை எந்தப் பொறி பாடும்? குறையை மறைத்துப் பெறும் கைத்தட்டல் குறைக்குப் பயந்த கைத்தட்டல். கலாதேவி பெற்றதோ அவருக்கே உரிய கைத்தட்டல்.

இடம் தந்த கௌஸ் அண்ணனுக்கும், இசைத்த தோழர்களுக்கும், இவ்வளவு நேரம் செவி தந்த உங்களுக்கும் என் நன்றி. வழக்கமாகக் கலைஞர் சார்பில் ஏற்புரையை நானே சொல்லிவிடுவேன். இன்று அந்த வேலை எனக்கு இல்லை. கலாதேவி பேசுவார். நேரமாகும். யாரும் சொல் எடுத்துக்கொடுக்க வேண்டாம். வணக்கம் கூறி விலகுகிறேன்.

வாங்க கலா, மைக் உங்களுக்கு.