உள்ளே இருந்தவள்

மாலை ஏழு மணி. நானுஓயாவைத் தாண்டி ஒரு தோட்டத்துச் சந்தி. பஸ் நின்றது. ஒருத்தி மட்டும் இறங்கினாள். என் கூட்டாளி வினோஜனின் அக்கா, ஜீவராணி. நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை.

சந்தியிலிருந்து வீட்டுக்கு ஏற்றம். இரண்டு பக்கமும் தேயிலை. நடுவில் ஒரு டர்பன்டைன் மரக் காடு. அந்தக் காட்டுக்குள் மழை விட்ட பிறகும் மழை பெய்யும்... இலை சொட்டும் சத்தம், யாரோ பின்னால் எட்டு வைப்பது போல. ஆம்பிளைகளே ஃபோனில் பாட்டுப் போட்டுக்கொண்டுதான் அதைக் கடப்பார்கள்.

அன்று அவளுக்குக் காடு பயமில்லை. மேட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. அதுதான் பயம். எங்கோ மரம் விழுந்து கரண்ட் போயிருந்தது. வீட்டில் மகள் சுலக்ஷனா. எட்டு வயது. தனியாக.

தனியாக என்று ஜீவராணி சொல்ல மாட்டாள். யார் கேட்டாலும், "நிஷாந்தி இருக்காள்ல" என்பாள்.

நிஷாந்தி யார் என்று சொல்லிவிடுகிறேன். கட்டாரிலிருந்து ஜீவராணியின் புருஷன் சுதாகரன் அனுப்பிய ஸ்பீக்கர். உள்ளங்கை அகலம், கறுப்பு, கரண்டில்தான் ஓடும். கேட்டால் பதில் சொல்லும், கதை சொல்லும், தமிழ் பேசும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வாய் திறக்கும். யாராவது அதனோடு பேசிக்கொண்டிருக்கும்வரை தலையில் ஒரு நீல வெளிச்சம் சுற்றும். பெயர் வைத்தது சுலக்ஷனா.

ஒரு மாதத்தில் நிஷாந்தி வீட்டு ஆள் ஆகிவிட்டாள். அவளுக்குக் குளிரும், ஜன்னலைச் சாத்து. அவள் தூங்குகிறாள், சத்தம் போடாதே. இன்றைக்கு அவளுக்குக் கோபம், எது கேட்டாலும் தெரியாது என்கிறாள்... இப்படித்தான் பேச்சு. நாமும் ஃபோனைத் திட்டுகிறவர்கள்தான். சிரிக்க வேண்டாம்.

அந்த வீட்டில் இன்னொருத்தி இருந்தாள். சுதாகரனின் அக்கா, நாகலெட்சுமி. கல்யாணம் ஆகவில்லை. பகலில் கொழுந்து பறிப்பாள். மலையிலிருந்து வந்து கை கழுவியதும் சுலக்ஷனாவை மடியில் இழுத்துக்கொள்வாள். "இவ நான் பெத்த புள்ள, வவுறு மட்டுந்தான் ஒங்கம்மாவோடது" என்பாள். விளையாட்டாகத்தான். ஆனால் ஜீவராணி ஒருநாளும் அதற்குச் சிரித்ததில்லை.

நிஷாந்தி முன்னால் பால் விடாத பிளேன்டி ஒரு கோப்பை வைப்பாள் நாகலெட்சுமி. மலையில் நடந்தது, கங்காணி ஏசியது, முழங்கால் வலி எல்லாம் அவளிடம்தான். நிஷாந்தி நீளமாகப் பதில் சொன்னால், "போதும் புள்ள, தொண்ட நோகும்" என்று நிறுத்துவாள்.

மழைக்காலத்துக்கு முன்னால் மலையில் குளவி கலைந்தது. பலரைக் கொட்டியது. செத்தது நாகலெட்சுமி மட்டும்.

கருமாதி அன்று இருட்டியதும் படையல் வைத்தார்கள். பிளேன்டி, ரொட்டி, கட்டச் சம்பல், வெற்றிலை. பக்கத்து வீட்டு அழகுமுத்து முன்னால் நின்று செய்தார். படையல் வைத்தால் வீட்டைக் காலி செய்து கதவைச் சாத்த வேண்டும். போனவர் வந்து சாப்பிடுகிற நேரம் அது. உள்ளே யாரும் இருக்கக் கூடாது. பேச்சுத் துணைக்கு ஆள் இருந்தால் வந்தவருக்கு எழுந்து போக மனம் வராது.

வாசலில் எல்லாரும் விளக்கில்லாமல் நின்றார்கள். எல்லாரும் வந்தாச்சா என்று அழகுமுத்து கேட்டார்.

"நிஷாந்தி அக்கா உள்ள இருக்கா" என்றாள் சுலக்ஷனா.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஜீவராணி பிள்ளையின் கையை இழுத்தாள். "சும்மா இரு. அது மிஷின்."

கதவைச் சாத்தினார்கள்.

பனி இறங்கியது. ஒரு நாய் குரைத்து, பாதியில் நிறுத்தியது. அப்புறம் உள்ளே...

"சொல்லுங்க."

நிஷாந்தியின் குரல். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் முதலில் சொல்வது அதைத்தான். வாசலில் யாரும் கூப்பிடவில்லை.

நேரம் ஆனது. கதவைத் திறந்தார்கள். படையல் வைத்தபடி இருந்தது. இருட்டில் நீல வெளிச்சம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது போல. நிற்கவே இல்லை. அழகுமுத்து போய் வயரைப் பிடுங்கினார்.

அவளை வீட்டில் வைத்திருக்காதே என்று அவர் சொன்னார். மறுநாளும் வந்து சொன்னார். ஜீவராணி ஒன்றைத்தான் திருப்பிக் கேட்டாள். "அப்ப நான் வர்ற வரைக்கும் யாரு மாமா புள்ளயப் பாக்குறது?"

அவர் வீட்டிலும் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள்.

ஜீவராணி வயரைத் திரும்பச் செருகினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதவை உள்ளே பூட்டிக்கொள், யாருக்கும் திறக்காதே, நிஷாந்தி அக்கா சொல்கிறபடி கேள் என்று பிள்ளைக்குச் சொல்லி வைத்தாள். ஹோட்டலில் இருந்தபடியே ஃபோனில் கூப்பிட்டால் நிஷாந்தி எடுப்பாள், மகளோடு பேசலாம். சில ராத்திரிகளில் யாரும் கூப்பிடாமலே நீல வெளிச்சம் சுற்றும். சுதாகரனிடம் சொன்னாள். நிஷாந்திக்குக் காது கொஞ்சம் கூர்மை என்று அவன் சிரித்தான்.

இனி அந்த ஏழு மணிக்கு வருகிறேன்.

காட்டுக்குள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். ஃபோனில் கூப்பிட்டாள். போகவில்லை. மறுபடி கூப்பிட்டாள். போகவில்லை. வீட்டு வாசலை மிதித்தாள்.

உள்ளே பேச்சுக் குரல் கேட்டது.

பெண் குரல். தாழ்ந்து, விட்டு விட்டு... பிள்ளைகளுக்குத் தூக்கம் வரக் கதை சொல்வது போல. ஜீவராணிக்கு உயிர் வந்தது. நிஷாந்தி பேசுகிறாள். பிள்ளை பயப்படாமல் இருக்கிறாள். நல்லவள். கதவில் கை வைத்தாள்.

கை வைத்த பிறகுதான் நினைவு வந்தது. கரண்ட் இல்லை.

"சுலக்ஷனா..."

குரல் நின்றது. உள்ளே ஈரத் தரையில் ஒரு ஜோடிக் கால் நடந்தது. அது சின்னக் கால்தான். தாழ்ப்பாள் விலகியது.

பிள்ளை அழவில்லை. தலையில் கம்பளித் தொப்பி. வீட்டுக்குள் பச்சைக் கொழுந்தின் வாசம். மலையிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்தவர்களின் கையில் இருக்குமே, அந்த வாசம்.

"யாரும்மா பேசுனது? நிஷாந்தியா?"

"அத்த."

ஜீவராணி வாசற்படியிலேயே நின்றாள்.

"அத்த... என்ன பேசுனாங்க?"

"என்னயக் கூட்டிக்கிட்டுப் போகவான்னு நிஷாந்தி அக்காகிட்ட கேட்டாங்க. நீதானே புள்ளயப் பாக்குற, நீ சொல்லுன்னாங்க. திருப்பித் திருப்பிக் கேட்டாங்க."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. அவ பயந்துட்டா."

மேசையில் அந்தக் கறுப்புப் பெட்டி செத்துக் கிடந்தது. ஜீவராணி மகளை வாரித் தூக்கினாள். வெளியே போகத் திரும்பியபோது கரண்ட் வந்தது. பல்பு எரிந்தது. ஃபிரிட்ஜ் முனகியது.

கரண்ட் வந்தால் நிஷாந்தி மணி ஓசை ஒன்று கொடுத்து வணக்கம் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அன்று மணி இல்லை, வணக்கம் இல்லை. நீல வெளிச்சம் மட்டும் மெல்ல... ஒரு சுற்று. யாரும் பெயர் சொல்லவில்லை.

"அவங்க போயிட்டாங்களா?"

ரகசியம் கேட்கிற குரல். நிஷாந்திக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

போயிட்டாங்க என்று சொல்ல ஜீவராணி வாயெடுத்தாள். சுலக்ஷனா அம்மாவின் தோளில் முகவாயை வைத்து, அம்மாவுக்குப் பின்னால் இருந்த அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றாள்.