நீலக் குவளை

பாலைக் காய்ச்சும்போது அடுப்பை விட்டு நகரக் கூடாது, ஐயா. கொஞ்சம் முகத்தைத் திருப்பினாலும் பொங்கி வழிந்துவிடும். எங்கள் பள்ளிக்கூடத்தில் பால் காய்ச்சி ஊற்றும் வேலையை இத்தனை வருடமாகச் செய்கிறேன். ஒரு சொட்டு வீணாக்கியதில்லை. தார்கேலியா காய்ச்சினால் பால் அடிப்பிடிக்காது என்று லாட்டகுங்கா சந்தைவரை பேச்சு.

நீங்கள் நியேவெஸைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் குவளைகளைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டிலிருந்து கொண்டுவந்த எனாமல் குவளை ஒன்று உண்டு. சுவரில் ஆணியில் தொங்கும். பாலைக் குடித்ததும் கழுவும் தொட்டியில் போட்டுவிட வேண்டும். மேற்பார்வையாளர் பல்தசார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, தொட்டியில் பால் பட்டுக் கிடக்கும் குவளைகளை எண்ணுவார். அடுத்த மாதம் அந்த எண்ணிக்கைக்குத்தான் பால் வரும். எண்ணிக்கை குறைந்தால் அரசாங்கம் தரும் பங்கும் குறையும். பால் விலை ஏறும். பாலுக்கு வாரம் ஒரு சுக்ரே காசு கொடுக்கிற வீட்டில் இரண்டு கொடுக்க முடியாது, பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். எண்ணிக்கை இன்னும் குறையும். கீழூர்ப் பள்ளியில் பால் அடியோடு நின்றது அப்படித்தான்.

எங்கள் ஊரில் உருளைக்கிழங்கு தோண்டும் காலத்தில் பாதிப் பிள்ளைகள் வர மாட்டார்கள். வராத பிள்ளையின் குவளையிலும் கொஞ்சம் பாலை விட்டுச் சுழற்றித் தொட்டியில் போடுவேன். யாருக்கு என்ன நஷ்டம்? மிஞ்சிய பாலைப் பள்ளிச் சுவர்மேல் உட்கார்ந்திருக்கும் வாண்டுகளுக்கு ஊற்றுவேன். அதற்குமேல் மிஞ்சினால் பாலாடைக்கட்டி செய்வேன். விற்ற காசில் மாதாவுக்கு மெழுகுவர்த்தி வாங்குவேன். மீதியில் என் வீட்டுக் கூரைக்குத் தகரம் போட்டேன். அதையும் மறைக்கவில்லை.

நியேவெஸ் என் ஞானமகள். எட்டு வயது. ஞானஸ்நானத்தன்று தண்ணீர் பட்டு அழுதவளுக்கு, விரலைப் பாலில் தோய்த்துச் சப்பக் கொடுத்தவள் நான். பள்ளியில் அவளுக்கென்று தொங்கிய நீலக் குவளையும் நான் வாங்கித் தந்ததுதான். காலையில் ஆடுகளை மேட்டுப் புல்வெளியில் விட்டுவிட்டு, மலைப் பாதையாகப் பள்ளிக்கு இறங்குவாள். பள்ளி விட்டால் ஆற்றுப் பாலம் வழியாக வீட்டுக்குப் போவாள். வருவது ஒரு வழி, போவது ஒரு வழி.

அன்று ஆலங்கட்டி மழை. வாத்தியார் கீழேயிருந்து ஏறி வர முடியவில்லை. விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பிள்ளைகள் வந்தார்கள். பாலைக் கொடுத்து, மழை விட்டதும் அனுப்பிவிட்டேன். வராதவர்களின் குவளைகளை வழக்கம்போலப் பாலில் நனைத்தேன். நீலத்தையும்தான். அன்றைக்கென்று பல்தசார் வந்து சேர்ந்தார். தொட்டியை எண்ணிப் பார்த்தார்.

"இந்த மழையிலயும் இத்தனை பேரா? தார்கேலியாம்மா, உங்க பாலுக்குப் புள்ளைங்க நீந்திக்கிட்டுகூட வருவாங்க போல."

நானும் சிரித்தேன். அவருடைய வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டதால் பள்ளியிலேயே தங்கிவிட்டார்.

பொழுது சாயும்போது நியேவெஸின் அம்மா ஒஃபேலியா ஓடி வந்தாள். பிள்ளை வீடு வந்து சேரவில்லை. ஊர் கூடியது. ஆடுகள் மேட்டில் மேய்ந்துகொண்டிருந்ததை ஒருவர் பார்த்திருந்தார். ஆகவே காலையில் விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். பல்தசார் தொட்டிக்குள் கையை விட்டு நீலக் குவளையை எடுத்துக் காட்டினார். அடியில் பால் இருந்தது. பள்ளிக்கு வந்த பிள்ளை திரும்பும் வழியில் ஆற்றில் விழுந்திருக்கிறாள் என்று எல்லாரும் முடிவுகட்டினார்கள். ஆற்றில் வெள்ளம் வேறு.

அன்று பள்ளிக்கு வந்த பிள்ளைகளில் அந்தக் கூட்டத்தில் இருந்த எர்மிலா என்ற பொடிசு மட்டும், "அவ இன்னிக்கு வரவே இல்லையே" என்றது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"குவளைக்குள்ள மூஞ்சிய விட்டா வெளிய எடுக்கிறதே இல்ல நீ. யாரு வந்தா, யாரு வரலன்னு உனக்கு எங்கடி தெரியும்?" என்றேன்.

சிலர் சிரித்தார்கள். பொடிசு வாயை மூடிக்கொண்டது. யோசித்துப் பாருங்கள், ஐயா, நியேவெஸ் வந்தாள் என்று நான் சொல்லவே இல்லை. நான் பொய் சொல்கிறவள் இல்லை.

பல்தசார் பக்கத்திலேயே நின்றார். நான் வாயைத் திறந்தால் அத்தனை பிள்ளைகளுக்கும் பால் போய்விடும். மேட்டில் ஒதுங்கப் பாறைகள் உண்டு, ஆடு மேய்க்கிற பிள்ளைக்கு அது தெரியும், மேலே மாதா பார்த்துக்கொள்வாள் என்று இருந்தேன். ஆற்றோரம் தேடுகிறவர்களுக்குச் சுடச்சுடப் பால் கொண்டுபோனேன். அவர்களோடு நின்று நானும் தண்ணீரைப் பார்த்து, நியேவெஸ், நியேவெஸ் என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன்.

மறுநாளும் ஆற்றையே துழாவினார்கள். அதற்கடுத்த நாள் மாடு தேடிப் போன ஒருவர் மேட்டுச் சரிவில் அவளைக் கண்டார். கால் முறிந்திருந்தது. சால்வையைக் கிழித்துத் தானே கட்டுப் போட்டிருந்தாள். முந்தின நாள்வரை உயிரோடு இருந்திருப்பாள் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் எதையாவது சொல்வார்கள்.

அடக்கம் முடிந்து ஒஃபேலியா வந்து நீலக் குவளையைக் கேட்டாள். அதைக் கழுவாமல் மாதா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள்.

"என் புள்ள வெறும் வயித்தோட போகலக்கா. அந்தக் காலையிலயும் பள்ளிக்கூடத்துக்கு வந்து, உங்க கையால சூடா குடிச்சிட்டுத்தான் போயிருக்கா. மறுபடி ஏன் மேட்டுக்கு ஏறினாளோ. ஆனா அந்தப் பால் போதும் எனக்கு."

என் கையை எடுத்து முத்தமிட்டாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்தால் மனம் நோகும்.

இப்போது எர்மிலா பாலைத் தொட மாட்டேன் என்று அழுகிறது, ஏன் என்று கேட்டவர்களிடம் நடந்ததைச் சொல்லிவிட்டது, நீங்கள் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டீர்கள். குழந்தைமேல் எனக்குக் கோபமில்லை. எழுதிக்கொள்ளுங்கள். நியேவெஸ் அன்று வரவில்லை என்பது எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதும் தெரியும். தெரிந்தே ஆற்றங்கரையில் நின்று கூப்பிட்டேன். ஒஃபேலியாவிடம் மட்டும் சொல்லாதீர்கள். ஒரு குவளைப் பால்தான் அவளுக்கு மிச்சம். அதையும் பிடுங்குவது பாவம்.

சீக்கிரம் முடித்தால் நான் திரும்பிப் போய்ப் பாத்திரம் கழுவுவேன். காலியான ஆணி கண்ணை உறுத்துகிறதென்று அதே நீலத்தில் ஒரு குவளை வாங்கி மாட்டியிருக்கிறேன். இன்றும் அதை நனைத்துத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் வந்தேன். எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளைகூடக் குறையவில்லை, ஐயா.