ஒரிஜினல் அப்பாவிடம் இருக்கிறது

கல்லூரி மாறி வரும் கூடைப்பந்து வீரர், பழைய கல்லூரியின் விடுவிப்புக் கடிதத்தை மூலப் பிரதியாகவே கொடுக்க வேண்டும். இல்லையேல் ஆட முடியாது. இது விதி. தொண்ணூறுகளில் ஓர் இலையுதிர் காலம், மோர்னிங்சைட் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு மாணவர்கள்.

"கடிதத்தை அப்பா காணி உறுதிப் பத்திரத்தோட வைச்சுப் பூட்டிப்போட்டார்."

"விசரே? எங்கட டீமில கார்ட் ஆடின ரெண்டு பேரும் வேற கொலிஜுக்குப் போயிட்டாங்கள். பந்தைக் கொண்டுபோக ஆளில்லை எண்டுதானே கோச் உன்னை மிசிசாகாவில இருந்து எடுத்தவர்."

"ஒரிஜினலைக் கையை விட்டு விடக்கூடாதாம். போட்டோக்கொப்பியில ஒரு அங்கிளிட்டச் சைன் வாங்கி அனுப்பினவர்."

"ஆர் அங்கிள்?"

"ஊரில ஜே.பி.யா, சமாதான நீதவானா இருந்தவர். சீலும் கொண்டுவந்திருக்கிறார்."

"பிறகு?"

"லீக் ஒஃபிஸில திருப்பி அனுப்பிட்டாங்கள். அம்மா சண்டை பிடிச்சு, போன கிழமைதான் ஒரிஜினல் போனது."

"பதில் வரும்வரைக்கும் நீ?"

"ஓரத்து வாங்கில குந்தியிருந்து ஆடுறவங்களுக்குத் தண்ணிப் போத்தில் குடுக்கிறன்."

மார்ச் மாதம் அதே பஸ்ஸில் அதே இருவர். அவன் ஆடலாம் என்று பதில் வந்துவிட்டதாம். வந்தது, அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள், திங்கட்கிழமை.