தொடலாமா?

யாரும் நடுவில் எழுந்து போகக் கூடாது. கால் மரத்துப்போனாலும் அப்படியே உட்கார்ந்திருங்கள். இது என் தோழியின் அக்காவுக்கு நடந்தது. அக்கா அப்போது மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை. மதியம் மூன்று மணி. கல்லூரிக்குப் பின்னால் ஒரு பாதை, ஈ காக்கை இல்லை. கடைசியில் பயிற்சி அறை. ஒரே கட்டில். அதில் கழுத்துவரை போர்த்திய ரப்பர் பொம்மை, அதுதான் நோயாளி.

மாணவர்கள் கேமரா வைத்த மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். நாம் பார்ப்பது, பேசுவது எல்லாம் பதிவாகி நேரே பாடம் எடுக்கும் சாருக்குப் போய்விடும். எந்த நிமிடத்தில் என்ன தப்பு என்று அவர் எழுதி அனுப்புவார். செல்போனை வெளியே வைத்துவிட வேண்டும்.

அக்கா இந்தத் தேர்வில் ஏற்கெனவே இரண்டு முறை தேறவில்லை. இரண்டு முறையும் ஒரே தப்பு... அனுமதி கேட்காமல் நோயாளியைத் தொட்டது. மூன்றாவது முறையும் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அன்று கேட்டார். "தொடலாமா?" கேட்ட வாயோடு கையையும் வைத்துவிட்டார். பொம்மைதானே!

இரவு சாரின் குறிப்பு வந்தது. "நான்காவது நிமிடம். நோயாளி வேண்டாம் என்கிறார். ஏன் தொட்டீர்கள்?"

"சாருக்குக் கண்ணு போயிடுச்சா?" என்று அக்கா சிரித்தார். வீடியோவைப் போட்டுப் பார்த்தார். தன் குரல்... "தொடலாமா?" அப்புறம், மூக்கடைத்த மாதிரி, மெல்ல...

"வேண்டாம்."

"அதுக்கப்புறமும் அங்க போனாங்களா?" என்று கேட்கிறீர்களா? போனார். செவ்வாய்க்கிழமை தேர்வு. அதற்குள் நல்லதாக ஒரு பதிவு அனுப்பியே ஆக வேண்டும். பயம் ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம்.

ஞாயிறு. அதே மூன்று மணி. ஸ்பிரிட் வாசனை. டியூப்லைட் ங்ங்ங் என்றது. "தொடலாமா?" கேட்டுவிட்டுக் காத்திருந்தார். ஐந்து நிமிடம்... பத்து நிமிடம்... சத்தமே இல்லை. தொடாமல் திரும்பி வந்து கதவுப் பிடியைத் திருகினார்.

பிடி அசையவில்லை.

தட்டினார், உதைத்தார், தொண்டை கட்டும்வரை கத்தினார். ஞாயிற்றுக்கிழமை யார் வருவார்கள்? கடைசியில் கட்டிலைப் பார்த்து, அழுதுகொண்டே கேட்டார்.

"போகட்டுமா?"

திரும்பத் திரும்பக் கேட்டார். நான்கு மணி நேரம்.

ஏழு மணிக்குக் கூட்டுகிற அம்மா சாதாரணமாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ஏம்மா தரையில உக்காந்திருக்க? கதவு சும்மாதானே சாத்தியிருக்கு?"

மறுநாள் குறிப்பு வந்தது. "அனுமதி கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தார். மிக நன்று."

அக்கா அந்த வீடியோவைப் போட்டார். ஒவ்வொரு "போகட்டுமா?"வுக்கும் பின்னால் அந்த மூக்கடைத்த குரல். வேண்டாம்... வேண்டாம்... வேண்டாம்... அந்த அறையில் அவர் காதில் ஒன்றுகூட விழவில்லை.

கடைசி நிமிடத்தில் அந்தக் குரல் கேட்டது. "தொடலாமா?"

அக்காவின் குரல் சொன்னது. "ம்."

உடனே திரை முழுக்க அக்காவின் முகம். மிகக் கிட்டத்தில், கண் மூடி. அந்த அறையில் முகம் பார்க்கும் கண்ணாடி எதுவும் கிடையாது.

கேமரா கடைசிவரை அக்காவின் மூக்கின் மேல்தான் இருந்தது.