ஒட்டிக்கொண்ட எண்டர்

காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன் சீட்டில், ரூபி புரோகிராமிங் வகுப்பு முடிந்து வந்த இருவர். அந்தப் பெண் சொன்னாள்:

"'என்னைக் கட்டிக்கிறீங்களா'ன்னு உங்க புரோகிராம் கேட்டுச்சு. 'சம்மதம்'னு டைப் பண்ணேன். உடனே 'சரிங்க, இனி தொந்தரவு பண்ண மாட்டேன்'னு வந்துச்சு. கோவத்துல லேப்டாப்பை மூடிட்டேன்."

அவன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான்.

"வேண்டாம்னுட்டீங்கன்னு நெனச்சேன். நாம தட்டுற எண்டரும் பதிலோட ஒட்டிக்கும், அதான் 'சம்மதம்'னு அதுக்குப் புரியல. அதை வெட்டத்தான் அந்த சாம்ப் கட்டளை. போட மறந்திருக்கேன்."

"அது மூணாம் நாள் பாடங்க."

"தெரியும். பதட்டத்துல விட்டுட்டேன். இருங்க, இப்பவே சரி பண்றேன்."

பையைத் திறந்தான்.

"மூடி வைங்க. வாயாலயே கேளுங்க. அம்மா மண்டபம் ஸ்டாப் வந்தா நான் இறங்கணும்."