இணக்கம் இல்லாதவன்

— பொட்டியக் கீழ வை, எத்திராஜ். நான் சொல்றத முழுசாக் கேளு.

— இன்னாத்தக் கேக்கறது, தாமோதரன் சார்? கெமிஸ்ட்ரி நல்லா நடத்தறான், பசங்க பாஸாவறாங்க, ஆனா மத்த வாத்தியாருங்களோட இணக்கம் இல்ல, அதனால வேலைய நிரந்தரமாக்க முடியாது. உங்க கமிட்டி இதத்தானே பேசிக்கினீங்க?

— அதாவது... இணக்கமும் ஒரு தகுதிதான்னு பிரின்சிபால் நினைக்கறாரு. நாலு பேரோட உக்காந்து ஒரு டீ குடிச்சிருக்கலாமேப்பா.

— போனேனே. இந்தத் தெலுங்குக் காலேஜ்ல தமிழன் நான் ஸ்டாஃப் ரூம்ல நுழைஞ்சா பேச்சு நின்னுபூடும். சிரிச்சிக்கினே "ரண்டி, கூச்சோண்டி"ன்னு, வாங்க உக்காருங்கம்பாங்க. நான் உக்காந்தா ஒவ்வொருத்தரா எழுந்து போவாங்க. அப்புறம் லேப்லயே, ஆசிட் நாத்தத்துல, ஒண்டியா துன்னுக்கினு இருந்தேன்.

— எனக்குத் தெரியாதே.

— நீங்க அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லியே சார்.

— அதாவது... சரி, அது போகட்டும். அந்தத் தெலுங்கு லெக்சரர் ரங்கையாவோடயாவது சண்டை போடாம இருந்திருக்கலாம். காலேஜ் பூரா கேட்டுச்சு.

— ஆரம்பிச்சது அவரு. எல்லை பிரிச்சப்போ அவரு ஊரு, திருத்தணிப் பக்கம், மெட்ராஸ் ஸ்டேட்டோட போச்சு. எங்க நகரி ஆந்திராவோட நின்னுச்சு. "எங்க ஊரப் புடுங்கிக்கினீங்களேடா"ன்னாரு. "எங்க ஊர நீங்க வச்சிக்கினீங்களே"ன்னேன். எல்லை முடிவான பிறகும் விடல. வராண்டாவுல தினம் மறிச்சி நின்னுக்கினு அதே பேச்சு. அவருதானே எம்மேல கோள் சொன்னாரு?

— அவரையும் கூப்பிட்டு விசாரிச்சோம்.

— பார்த்தீங்களா! நெனச்சேன்... நீங்க இன்னா சொன்னீங்க சார், எனக்காக?

— அதாவது... தமிழனுக்குத் தமிழன் பரிஞ்சு பேசறான்னு ஆயிடுமேன்னு... வாயத் திறக்கலப்பா.

— ம். வழிய விடுங்க சார், பஸ்ஸு பூடும். நகரிக்குப் போயி தறியில உக்காந்துக்கறேன். அங்க யாரும் என்னக் கண்டு எழுந்து போவமாட்டாங்க.

— நில்லுப்பா. உன்ன அனுப்பல. இன்னும் ஒரு வருஷம் வச்சுப் பார்க்கலாம்னு முடிவாயிடுச்சு. அதச் சொல்லத்தான் ஓடி வந்தேன்.

— யாரு கேட்டு? எனக்குன்னு அங்க யாரு கீறாங்க?

— ரங்கையா. மேசையத் தட்டினாரு. "அவன அனுப்பாதீங்க சார், இந்தக் காலேஜ்ல என்கூட நின்னு பேசற மனுஷன் அவன் ஒருத்தன்தான்"னாரு.